ஆன்லைன் விற்பனை: கிடங்குக்குச் சரக்கு ஏற்றும் முன்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் தெரிந்த பையன் ஒருவன் போன் செய்தான். தைப்பூசக் காவடிக்காகப் பித்தளை வேல், சொம்பு, மஞ்சள் துணி என்று வாங்கி, எல்லாவற்றையும் ஒரு விற்பனைத் தளத்தின் கிடங்குக்கே அனுப்பிவிட்டானாம். "கமிஷன் எப்படியும் ஒன்றுதானே அங்கிள், பேக்கிங் தொல்லையாவது மிச்சம்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. அவன்மேல் கோபமில்லை. அதே வார்த்தையைச் சொன்னவன்தான் நானும்.

ஆன்லைனில் விற்கத் தொடங்குகிறவர் செய்யும் தவறுகளில், மங்கலான படம், எழுத்துப்பிழை எல்லாம் தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுங்கள். சரக்கு யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் காசு போகிறது.

சரக்கு அனுப்பும் மூன்று வழியையும் ஒன்றென்று நினைப்பது

சரக்கை முன்கூட்டியே தளத்தின் கிடங்கில் வைத்துவிட்டால் பேக்கிங், டெலிவரி எல்லாம் அவர்கள் பொறுப்பு. அமேசானின் எஃப்பிஏ (Fulfilment by Amazon) இந்த வகை. இரண்டாவது, சரக்கு நம் கராஜில் இருக்கும், ஆர்டர் வந்ததும் கூரியரில் நாமே அனுப்புவோம். இவற்றுக்கு நடுவில் ஒன்று, இங்குள்ள விற்பனைத் தளமான டேக்அலாட்டின் லீட்டைம் முறை. சரக்கு நம்மிடம்தான். விற்ற பிறகு சொன்ன நாளுக்குள் அவர்கள் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அங்கிருந்து வாங்கியவர் வீடுவரை அவர்கள் பாடு.

பண்டிகைச் சரக்கை மொத்தமாகக் கிடங்குக்கு அனுப்புவது

சில வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு 300 பெட்டி அகல் விளக்கு வாங்கினேன். ஒரு தளத்தின் கட்டணப் பட்டியலைப் பார்த்தால், கிடங்கில் வைத்து அனுப்பும் செலவு கூரியரைவிடக் குறைவு. கணக்கு முடிந்தது என்று முந்நூறையும் வேனில் ஏற்றினேன்.

சரக்கு இறக்க நேரம் கிடைக்கவே ஒன்பது நாள். இறக்கிய பிறகும் விற்பனைக்குக் காட்ட இன்னும் சில நாள். ஏன் இத்தனை நெரிசல் என்று காலண்டரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: தீபாவளி நவம்பர் 12, பிளாக் ஃபிரைடே நவம்பர் 24. நம் அகல் வாசலில் நிற்கிற அதே வாரங்களில்தான் டிவியும் ஏர் ஃப்ரையரும் லாரி லாரியாக வந்து இறங்கும்.

தீபாவளி முடிந்தபோது விற்றது 61 பெட்டி. மீதி 239. டிசம்பரில் அகல் யார் வாங்குவார்கள்? தேங்கிய சரக்குக்கு மாதாமாதம் கட்டணம் ஏறியது. எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதற்கும் பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டணம். யோசித்து யோசித்து மூன்று மாதம் ஓட்டினேன், அதுதான் பெரிய முட்டாள்தனம். கடைசியில் கட்டிய தொகை, அகலை வாங்கிய விலையையே தாண்டிவிட்டது. திரும்பி வந்ததில் பாதி உடைசல் வேறு. எல்லாக் கட்டணமும் ஒப்பந்தத்தில் எழுதித்தான் இருந்தது. படிக்காதது நான்.

இப்போது என் வழக்கம் இது: மார்ச்சிலும் ஆகஸ்டிலும்கூட விற்கிற பொருள் மட்டும்தான் கிடங்குக்குப் போகும். ஊதுவத்தித் தட்டு, சின்னக் காமாட்சி விளக்கு, அந்த மாதிரி. வாரம் எத்தனை விற்கிறது என்று பார்த்து, நாலு வாரத்துக்கு மேல் அனுப்புவதில்லை. பண்டிகைப் பொருள் கராஜில் இருக்கும். விற்றால் கொண்டுபோய்க் கொடுப்பேன். டெலிவரிக்கு ஓரிரு நாள் கூடுதலாகத் தெரிவதால் சில ஆர்டர் கைவிட்டுப் போகும். போகட்டும். விற்காத அகலை என் கடைப் பக்கத்துக் கோயில் கடைக்காரரிடமாவது தள்ளிவிடலாம், கிடங்கில் கிடப்பதைக் காசு கட்டாமல் எதுவும் செய்ய முடியாது.

எடையை மட்டும் பார்ப்பது

பல கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, வருவது உண்மை எடையைவிட அதிகமானால் அதையே கிலோவாகக் கணக்கிடுவார்கள். 40, 30, 25 அளவுப் பெட்டியில் ஒரு கிலோ காகிதத் தோரணம் போட்டால் 6 கிலோவுக்குக் காசு கட்டுவீர்கள்.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) மறப்பது

கமிஷன் 15 சதவீதம் என்று போட்டிருந்தால், வாட் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். சேர்க்காவிட்டால், அதன்மேல் 15 சதவீத வாட். வாட் பதிவு இல்லாதவருக்கு அது திரும்ப வராது. உண்மைக் கமிஷன் 17.25 சதவீதம்.

தளத்தில் நம் கணக்கை நடத்தும் ஆளிடம் பிரதான பாஸ்வேர்டைக் கொடுப்பது

ஆள் வையுங்கள். பிரதான பாஸ்வேர்டு மட்டும் உங்களிடமே இருக்கட்டும்.

திரும்பி வருவதைக் கணக்கில் சேர்க்காதது

தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருளை, கையில் கிடைத்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். நம் வீட்டுக்கு வந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்ப்போம். கிடங்குக்குப் போனால் பார்ப்பது அவர்கள் கண். ஒருவர் தீபாவளிக்கு மறுநாள் கோல அச்சுத்தட்டைத் திருப்பினார். ஓரத்தில் கோலப்பொடி ஒட்டியிருந்திருக்கிறது. கிடங்கில் அதைப் புதிது என்று அடுக்கி, அடுத்தவருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அடுத்தவர் போட்ட ஒற்றை நட்சத்திரம், போட்டோவோடு, இன்னும் என் பக்கத்தில் இருக்கிறது.