தனியாக ட்ரவுட் பிடிக்கப் போகிறீர்களா? திரும்பும் வழியிலிருந்து திட்டமிடுங்கள்

காலை ஏழு மணிக்கு அந்த ஆற்றைக் கடந்தபோது தண்ணீர் என் முழங்காலைக்கூடத் தொடவில்லை. அக்கரை ஓரத்தில் மீன்கள் மேலே வந்து பூச்சி தின்றுகொண்டிருந்தன. என் கண்ணுக்கு வேறெதுவும் படவில்லை. மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தால், காலையில் கால் வைத்து ஏறிய தட்டைப் பாறையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தண்ணீர் எருமை முதுகுபோலப் புடைத்து ஓடிக்கொண்டிருந்தது. அன்று ஒரு சொட்டு மழையில்லை. மலைமேல் பனிதான் பகல் முழுதும் உருகியிருக்கிறது. ஆறு கிலோமீட்டர் கீழே ஒரு பாலம் இருந்தது. ஈரமான வேடரோடு (ஆற்றில் இறங்க அணியும் நீர் புகாத நீண்ட கால்சட்டை) இருட்டில் அதுவரை நடந்தேன்.

அதனால்தான் இந்தச் செய்முறை தலைகீழாக இருக்கிறது. முதலில் தண்ணீர், பிறகு திரும்பும் வழி, கடைசியில்தான் மீன். போலிப் பூச்சி கட்டிய தூண்டில் கயிற்றை வீசும் கலையை இங்கே சொல்லப்போவதில்லை. புல்வெளியில் பத்து மீட்டர் தூரத்துக்கு ஓரளவு நேராக வீச வந்தால் ஒரு நாள் பயணத்துக்குப் போதும். நான் சொல்வது ஆற்றிலேயே பொரித்து வளர்ந்த ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பற்றி. பண்ணையிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் ஆளைக் கண்டு இவ்வளவு மிரளாது.

படி 1: நீர்மட்டத்தின் ஐந்து நாள் வரைகோட்டைப் பாருங்கள்

பல ஆறுகளில் நீர்மட்டத்தையும் ஓட்டத்தையும் அளக்கும் நிலையங்கள் உண்டு. அவற்றின் அளவுகள் இணையத்தில் மணிக்கு மணி, ஏறி இறங்கும் ஒரு கோடாக வெளியாகின்றன. புதிதாக வருகிறவர்கள் இன்றைய எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஓர் எண் எதையும் சொல்லாது, கோட்டின் வடிவம்தான் சொல்லும்.

கோடு தட்டையாகவோ மெல்லச் சரிந்தோ வந்தால் நல்ல நாள். சுவர்போலச் செங்குத்தாக ஏறியிருந்தால் மேலே எங்கோ கனமழை. தண்ணீர் கலங்கியிருக்கும், தெளியும்வரை வீட்டிலேயே இருக்கலாம். நாளுக்கு ஒரு பல் என்று ரம்பம்போல ஏறி இறங்கினால்தான் விழித்துக்கொள்ள வேண்டும். பற்கள் வழவழப்பாக இருந்தால் உருகும் பனி. படிக்கட்டுபோலச் சதுரமாக இருந்தால் மேலே அணையும் மின்நிலையமும் இருக்கின்றன. அங்கே நீர் திறக்கும் நேர அட்டவணை கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் தனியாக அந்த ஆற்றில் இறங்காதீர்கள்.

பனி ஆறு என்றால் உச்சம் எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பனிக்கு அருகில் பிற்பகலிலேயே வந்துவிடும், தள்ளிப் போகப்போக இரவாகும். நான் அன்று மாட்டிக்கொண்டது இந்த ஒரு விவரத்தில்தான். அளவு நிலையம் நான் நின்ற இடத்துக்கு வெகுகீழே இருந்தது. அதில் இரவு ஒன்பதுக்கு வரும் வெள்ளம் என்னிடம் அதற்குப் பல மணி நேரம் முன்பே வந்துவிட்டது.

அடுத்தது வெப்பம். நீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும்போது ட்ரவுட் நன்றாக இரை எடுக்கும். 20-ஐத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 20 டிகிரியில் அது 9 ஆகிவிடும். அந்த நேரத்தில் போராடிக் களைத்த மீனை நீங்கள் எவ்வளவு பதமாகத் திருப்பி விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். கயிறு கட்டிய சிறு வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். என் பையில் அதைவிட உபயோகமான பொருள் கிடையாது.

படி 2: அனுமதி

உரிமச் சீட்டு, மீன்பிடிக் காலம், எந்தெந்தப் பகுதியில் போலிப் பூச்சிக்கு மட்டும் அனுமதி என்பதெல்லாம் ஆற்றுக்கு ஆறு மாறும். அந்தந்த இடத்து மீன்வளத் துறையின் விதிகளை அந்த ஆண்டுக்கானதாகப் பார்த்துப் படியுங்கள். பழுப்பு ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், வானவில் ட்ரவுட் பெரும்பாலும் வசந்தத்தில். அந்த மாதங்களில் ஆற்றுப் படுகையில் பாய் விரித்ததுபோல வெளிறிய சரளைத் திட்டு தெரிந்தால் மிதிக்காதீர்கள். அடியில் முட்டைகள் இருக்கும்.

படி 3: ஒரே கரை, இரண்டு கிலோமீட்டர்

தனியாகப் போகிறவருக்கு இரண்டு கிலோமீட்டர் ஆறு ஒரு நாளுக்குத் தாராளம். வரைபடத்தில் இறங்கும் இடம், ஏறும் இடம், நடுவில் அவசரத்துக்குக் கரையேறிப் பாதையை அடையும் இடம் என மூன்றைக் குறியுங்கள். கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்தாலும் காகிதத்தில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

காரை நிறுத்திய கரையிலேயே நாள் முழுதும் இருப்பதாகத் திட்டமிடுங்கள். கடக்க வேண்டும் என்று கை அரிக்கும், ஏனென்றால் நல்ல மீன் எப்போதும் அக்கரையில்தான் இருப்பதுபோலத் தெரியும். (அக்கரையில் நிற்பவருக்கு இக்கரையில்.)

கடந்தே தீர வேண்டுமென்றால், மாலையில் தண்ணீர் ஒரு சாண் கூடினாலும் இதே இடத்தில் திரும்ப முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தயங்கினால் கடக்காதீர்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் கெண்டைக்காலைக் கிச்சுகிச்சு மூட்டிய அதே நீர் மாலையில் ஆளைக் கவிழ்ப்பது இந்தக் கணக்கில்தான். ஆறு அகன்று ஆழம் குறைந்த இடமாகப் பாருங்கள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். சாய்ந்த மரமோ மடுவோ இருந்தால் வேறு இடம் தேடுங்கள். முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, வேடரின் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். ஊன்றுகோலை நீர் வரும் பக்கம் ஊன்றி, ஒரு காலை நன்றாகப் பதித்த பிறகே மறுகாலை எடுங்கள். விழுந்துவிட்டால் மல்லாந்து, பாதங்களை நீர் போகும் திசைக்கு நீட்டி மிதந்து, ஆழம் குறைந்த இடத்தில் கரையேறுங்கள்.

இப்போது நான் செய்வது இது: இறங்கியதும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் நிற்கும் இடத்தில் கத்தியால் ஒரு கீறு போடுகிறேன். மணிக்கொரு முறை வந்து பார்ப்பேன். கீறலுக்கு மேல் இரண்டு விரற்கடை ஏறியிருந்தால் மீன் எத்தனை துள்ளினாலும் கிளம்பிவிடுவேன்.

படி 4: வீட்டில் ஒரு காகிதம்

அன்று நான் வீட்டில் சொன்னது, "சாயங்காலம் வந்துவிடுவேன்". இரவு பத்து மணிக்கு வீடு திரும்பியபோது என் மனைவி கேட்டாள்: "சாயங்காலம் எத்தனை மணிக்கு முடியும் என்று நினைத்துக்கொண்டு நான் யாரைக் கூப்பிடுவது?" பதில் இல்லை. இப்போது காகிதத்தில் நான்கு விவரங்கள் எழுதிவைக்கிறேன்: கார் நிற்கும் இடம், எந்தக் கரையில் எந்தத் திசை, திரும்பும் நேரம், எத்தனை மணிவரை தகவல் இல்லாவிட்டால் மீட்புக் குழுவை அழைக்க வேண்டும் என்பது. கடைசி இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேர இடைவெளி விடுகிறேன்.

படி 5: சாமான்கள்

ஒன்பது அடிக் கோல், 5-ஆம் எண் கயிறு. அடர்ந்த புதர்களுக்கு நடுவே ஓடும் சிற்றோடை என்றால் மட்டும் இன்னும் குட்டையான கோல். கயிற்றின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான லீடரும் ஒன்பது அடி, அதன் நுனியில் 5எக்ஸ் நரம்பு. இந்த எக்ஸ் எண் கூடக்கூட நரம்பு மெலியும்: 11-இலிருந்து எண்ணைக் கழித்தால் தடிமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 5எக்ஸ் என்றால் 6 பங்கு.

நூறு போலிப் பூச்சிகள் அடங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பெட்டியைத் திறந்துவைத்து யோசிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். என்னிடம் இவ்வளவுதான் (பெயர் போலிப் பூச்சியின் வகை, எண் முள்ளின் அளவு): பாரசூட் ஆடம்ஸ் 14, 16. எல்க் ஹேர் கேடிஸ் 14. ஃபெசன்ட் டெயில் 16. நீர் லேசாகக் கலங்கியிருந்தால் ஒரு வூலி பக்கர். ஒவ்வொன்றிலும் மூன்று. முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கு மட்டுமல்ல, தனியாக இருக்கும்போது முள் உங்கள் காதில் ஏறினால் உங்களுக்கும் அது நல்லது. போலரைஸ்டு கண்ணாடி, விசில், தலைவிளக்கு, மாற்றுத் துணி. முடிந்தது.

படி 6: ஆற்றில்

ட்ரவுட் நீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேலாகப் போங்கள், பின்னாலிருந்து அணுகியதாகும். முதல் வீச்சு கரையோரம், நீங்கள் கால் வைக்க நினைத்த அதே இடத்தில் இருக்கட்டும். அங்கேதான் மீன் இருக்கும். பூச்சி நீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். பின்னால் மெல்லிய கோடு கிழித்தபடி வந்தால் கயிறு இழுக்கிறது என்று அர்த்தம், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. வேறு பூச்சி மாற்றுவதற்கு முன் இரண்டு அடி நகர்ந்து நின்று அதையே மறுபடி வீசிப் பாருங்கள்.

பிடித்த மீனை ஈரக் கையால், வலைக்குள், நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். தனியாகப் போனால் புகைப்படத்தை மறந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: வேடருக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளை அடியில் இழுத்துவிடுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இழுக்காது. நீருக்குள் இருக்கும்வரை அந்த நீருக்கு எடை தெரியாது. கரையேறும்போதுதான் ஆளை எழவிடாது. நீர் உள்ளே அதிகம் புகாமல் தடுக்கத்தான் இடுப்புப் பட்டை.

இன்னொரு பின்சேர்க்கை: கம்பளி அடிப்பாகம் வைத்த காலணி வழுக்காது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் அது சீக்கிரம் காயாமல் டிடிமோ பாசியை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோய்விடும். நியூசிலாந்து 2008-இலேயே தடை செய்துவிட்டது. நான் ரப்பர் அடியில் ஆணி வைத்ததைப் போடுகிறேன்.

அடுத்த பருவத்தில் அதே இடத்துக்குப் போனேன். கடக்கவில்லை. இக்கரையில் இரண்டு மீன், பெரியது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல். தட்டைப் பாறை முழுதாக மூழ்கிய நேரத்தை வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்: பிற்பகல் 2.40.