கிராங்க் மாற்றிய கதை

சைக்கிளில் முட்டுக்காடு வரை போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு மிதிக்கும் 'கட் கட்' என்று சத்தம். பெடல்தான் என்று நினைத்து அதை மாற்றினேன், வீண் செலவு. அப்புறம் செயினை இறக்கிவிட்டு கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டை, பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடுகிறது. கிராங்கின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பாட்டம் பிராக்கெட் போய்விட்டது. கிராங்கின் பல்லும் தேய்ந்திருந்ததால் இரண்டையும் சேர்த்தே வாங்கினேன்.

போல்ட்டைக் கழற்றி, வாஷரையும் எடுத்த பிறகே கிராங்க் புல்லரை (கிராங்கை அச்சிலிருந்து இழுத்துக் கழற்றும் கருவி) மாட்ட வேண்டும். வாஷர் உள்ளேயே இருந்தால் புல்லர் முழுதாக ஏறாது. கிராங்கின் மரை பிய்ந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது, பாட்டம் பிராக்கெட்டை ஃபிரேமில் பிடித்துவைக்கும் வலது பக்கக் கப்பில். என் சைக்கிளில் அந்தப் பக்கம் எதிர்மரை. அது தெரியாமல் அரை மணி நேரம் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன்! பெசன்ட் நகர் உப்புக்காற்றில் துரு வேறு. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பியதும் கழன்றது.

பழைய பாட்டம் பிராக்கெட்டைக் கையோடு கொண்டுபோய், அது உட்காரும் ஃபிரேமின் 68 மி.மீ. கூட்டுக்கும் அதே அச்சு நீளத்துக்கும் பொருந்துவதாக வாங்கினேன். மரையில் தாராளமாக கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றினேன். ஸ்பானரை முதலிலேயே போட்டால் மரை குறுக்கே ஏறிவிடும். சதுர அச்சில் கிராங்கை ஏற்றி, போல்ட்டை 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். முதல் சவாரி முடிந்ததும் இன்னொரு முறை முறுக்கினேன், கொஞ்சம் இடம் கொடுத்தது.

இப்போது சத்தம் சீட்டிலிருந்து வருகிறது.