சர்வே விடைகளைச் சுருக்கிச் சொல்வது: சராசரி போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

சர்வே முடிந்து விடைகள் ஒரு ஷீட்டில் வந்துவிட்டன. ஒரு வரிசை ஒருவருக்கு, ஒரு பத்தி ஒரு கேள்விக்கு. இனி, பதில் சொன்னவர்கள் யார், அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். என் ஆய்வேட்டுக்காக இதை முதன்முதலில் செய்தபோது மூன்றாவது படியில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். அதனால் அதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

படி 1: விடுபட்டவற்றைக் காலியாக்குங்கள்

மூல ஷீட்டை அப்படியே வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள். பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று போடும் பழக்கம் பலருக்கு உண்டு. வயதுப் பத்தியில் அது ஆபத்து. ஒன்பது பேரின் சராசரி வயது 25, பத்தாமவர் வயதைச் சொல்லவில்லை என்று வையுங்கள். அந்த 99-ஐ விட்டுவைத்தால் சராசரி 32.4 ஆகிவிடும்.

படி 2: யார் பதில் சொன்னார்கள்?

பாலினம், கல்வி, தொழில் போன்றவற்றுக்கு எண்ணிக்கையும் சதவீதமும் போதும்; எக்செல்லின் பிவட் டேபிளில் (தரவைத் தானே எண்ணித் தொகுத்துத் தரும் அட்டவணை) இரண்டு நிமிட வேலை. ஆண் 1, பெண் 2 என்று குறித்திருந்தால் அதற்குச் சராசரி எடுக்காதீர்கள். 1.6 என்ற பாலினம் கிடையாது.

வயதுக்குச் சராசரியோடு இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) சேர்த்துக் கொடுங்கள். 21, 22, 23, 24, 60 என்ற ஐந்து வயதுகளின் சராசரி 30. ஆனால் அந்த ஐவரில் முப்பதை ஒட்டிக்கூட யாரும் இல்லை. இடைநிலையான 23தான் அந்தக் கூட்டத்தைச் சரியாகக் காட்டுகிறது.

சதவீதம் எத்தனை பேரில் என்பதையும் எழுதுங்கள். 120 பேரில் 96 பேர்தான் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார்கள், அதில் 48 பேர் 'ஆம்' என்றார்கள் என்றால், அது 40 சதவீதமா, 50 சதவீதமா? இரண்டும் சரியே. எதை எடுத்தீர்கள் என்று சொல்லாவிட்டால்தான் தவறு.

படி 3: எதிர்மறைக் கேள்விகளைத் திருப்புங்கள்

அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் அறிமுகப்படுத்திய அளவுகோல்தான் இன்றும் பெரும்பாலான கேள்வித்தாள்களில் இருக்கிறது: 'சற்றும் ஏற்கவில்லை' 1, 'முழுமையாக ஏற்கிறேன்' 5. "இணையவழிப் பாடம் எனக்குப் பயன்படுகிறது" என்பது ஒரு கேள்வி. "இணையவழிப் பாடத்தில் என் நேரம் வீணாகிறது" என்பது இன்னொன்று. இணையப் பாடத்தை மிகவும் விரும்பும் ஒருவர் முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 1 போடுவார். சராசரி 3. மிகவும் விரும்புகிறவர் நடுநிலையாளர் ஆகிவிட்டார்!

எனக்கு நடந்தது இதேதான். எல்லோருக்கும் மூன்றை ஒட்டியே வந்தது. "யாருக்கும் உறுதியான கருத்து இல்லை" என்று இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். ஒருவருடைய விடைத்தாளை வரி வரியாகப் படித்தபோதுதான் காரணம் புரிந்தது.

தீர்வு சுலபம். அளவுகோலின் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் கூட்டி, அதிலிருந்து விடையைக் கழியுங்கள். 1 முதல் 5 வரை என்றால் 6-லிருந்து, 1 முதல் 7 வரை என்றால் 8-லிருந்து, 0 முதல் 10 வரை என்றால் 10-லிருந்து. திருப்பியதைப் புதிய பத்தியில் எழுதி, பெயரிலேயே 'திருப்பியது' என்று சேர்த்துவிடுங்கள். பழைய பத்தியின் மேலேயே எழுதினால், மறுநாள் மறந்துபோய் இன்னொரு முறை திருப்பிவிடுவோம்.

படி 4: கருத்தைச் சுருக்குங்கள்

தனிக் கேள்வி என்றால் ஐந்து விடைகளுக்கும் தனித்தனியே சதவீதம் கொடுங்கள். ஒரே விஷயத்தைக் கேட்கும் பல கேள்விகளைச் சேர்த்த மதிப்பெண்ணுக்கு மட்டும் சராசரியும் திட்ட விலக்கமும் (விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) போடுவது என் வழக்கம். பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5 போட்டாலும் 3. முதலாவதில் திட்ட விலக்கம் 0, இரண்டாவதில் 2.11. ஒன்று சலனமில்லாத கூட்டம், மற்றது இரண்டாகப் பிளந்து நிற்பது. இந்த வேறுபாடு சராசரியில் தெரியாது.

எக்செல்லிலேயே எல்லாம் முடியும். ஆனாலும் புதியவர்களுக்கு நான் ஜமோவி (jamovi) என்ற புள்ளியியல் மென்பொருளைத்தான் சொல்வேன்: இலவசம், இடைநிலையும் திட்ட விலக்கமும் அட்டவணையும் சில கிளிக்குகளில் வந்துவிடும். படம் போடுவதென்றால் பட்டை வரைபடம் போடுங்கள். ஐந்து துண்டு வட்டப் படத்தில் 22-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

பின்சேர்க்கை: திருப்பிய பத்தியில் 6 வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எக்செல் கழிக்கும்போது காலிக் கட்டத்தை 0 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் பதில் சொல்லாதவருக்கு 6 வந்துவிடுகிறது. கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே விடும்படி ஃபார்முலாவில் ஒரு 'இஃப்' (IF) நிபந்தனை சேருங்கள். அப்புறம் அந்தப் பத்தியின் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் பாருங்கள். 1-க்குக் கீழோ 5-க்கு மேலோ எதுவும் வரக்கூடாது.