சிங்கப்பூரில் பிடிபட்ட தாத்தாவின் பட்டாளப் பதிவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி, ஜப்பானியர் கையில் ஒப்படைத்தார்கள். பிடிபட்ட இந்தியர்கள் ஏறத்தாழ 45,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பழைய சென்னை மாகாணத்து ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போன தமிழர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று தேடுகிறார்கள். கொஞ்ச நாள் அலைந்துவிட்டு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கிடைக்காமல் போவதற்குப் பெரிய காரணம், தேடலைத் தொடங்கும் இடமே தவறாக இருப்பதுதான்.

எல்லாரும் முதலில் கேட்பது "தாத்தா எந்த முகாமில் இருந்தார்?" என்று. அதைப் பிறகு பார்க்கலாம். பிடிபட்ட அன்று அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். இந்திய ராணுவத்தில் சிப்பாயின் காகிதங்கள் அவருடைய படைப்பிரிவோடுதான் சேர்ந்திருக்கும்.

இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். தமிழர் என்றால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று முடிவு கட்டி, நீலகிரியில் அந்த ரெஜிமெண்டின் மையம் இருக்கும் வெலிங்டனுக்கு எழுதுகிறார்கள். பழைய மெட்ராஸ் காலாட்படை 1920-களின் முடிவிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. மறுபடி தொடங்கியது 1941-இல். மலேயாவில் நடந்த சண்டையில் அந்த ரெஜிமெண்ட் இல்லை. சிங்கப்பூரில் பிடிபட்ட தமிழர் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலோ, சப்ளையும் வண்டிகளும் பார்த்த சர்வீஸ் கோரிலோ, ராணுவ மருத்துவமனைப் பணியிலோ இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் ரெக்கார்ட் ஆபிஸுக்கு, அதாவது சிப்பாய்களின் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு, எழுத வேண்டும். சர்வீஸ் கோரின் தெற்குப் பிரிவு ரெக்கார்ட் ஆபிஸும், உடலுழைப்பு வேலைகள் பார்த்த பயனியர் கோருடையதும் அதே ஊரில்தான் இருக்கின்றன. மருத்துவப் பிரிவென்றால் லக்னோ. ஒரு கடிதம் தவறான ஆபிஸுக்குப் போனால், "எங்களிடம் இப்படி ஒருவர் இல்லை" என்று பதில் வரும். அது அந்த ஆபிஸைப் பொறுத்தவரை உண்மை. அதைத் தாத்தாவைப் பற்றிய கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படைப்பிரிவே தெரியாதே என்கிறீர்களா? வீட்டைத் தேடுங்கள். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், பாட்டிக்கு வந்த மணியார்டர் துண்டு, ராணுவத் தபால் முத்திரை விழுந்த கடிதம், எதுவும் உதவும். பதக்கம் இருந்தால் அதன் விளிம்பையும் பின்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் நம்பர், பதவி, பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எழுத்துதான் முதலில் போகும். என்ன பதக்கம் என்பதும் ஒரு துப்பு. மலேயா, சிங்கப்பூர் சண்டைக்கு உரியது பசிபிக் ஸ்டார். பர்மா ஸ்டார் மட்டும் இருந்தால், பிடிபட்ட கதையை இன்னொரு முறை விசாரிக்க வேண்டும்.

நம்பர் கிடைத்துவிட்டது என்று அதை மட்டும் எழுதி அனுப்புவதும் போதாது. அன்றைய சிப்பாய் நம்பர்கள் பிரிவுக்குப் பிரிவு தனித்தனி. ஒரே நம்பர் இரண்டு பிரிவுகளில் இரண்டு பேருக்கு இருக்கலாம். நம்பரையும் பிரிவையும் சேர்த்தே எழுதுங்கள், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவுக்கான ஆதாரத்தையும் இணையுங்கள். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டு கழித்து அழித்துவிடுவது ராணுவ விதி. ஆனால் லாங் ரோல் எனப்படும் பெரிய பதிவேட்டை அழிப்பதில்லை. ஆகவே "சர்வீஸ் ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால், லாங் ரோல் பதிவின் நகலைத் தனியாகக் கேளுங்கள். பலர் இந்த இரண்டாவது கடிதத்தை எழுதுவதே இல்லை.

அடுத்தது சயாம் மரண ரயில். "தாத்தா ஜப்பான்காரன் சிறையில் ரயில் பாதை போட்டார்" என்று குடும்பத்தில் சொல்லியிருப்பார்கள். 1942-43-இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். அங்கே பெருந்தொகையாகச் செத்த தமிழர்கள் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்கு ராணுவ நம்பர் கிடையாது, போர்க்கைதி அட்டை கிடையாது, பெயர் பொறித்த கல்லறைகூடக் கிடையாது. இதை நினைத்தால் மனம் பதைக்கிறது. தாத்தா தோட்டத்திலிருந்து போனவர் என்றால் ராணுவ ஆவணங்களில் எவ்வளவு தேடினாலும் வர மாட்டார். அதனால் அவர் பட்ட துன்பம் பொய் ஆகிவிடாது. மலேயா பக்கத்துத் தோட்டப் பதிவுகளிலும் குடும்ப நினைவுகளிலும்தான் அவரைத் தேட வேண்டும்.

பிடிபட்டவர்கள் எல்லாரும் நேதாஜி படையில், அதாவது இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தார்கள் என்று நினைப்பது இன்னொரு தவறு. ஒரு பெரும் பகுதி சேர்ந்தது, இன்னொரு பெரும் பகுதி மறுத்தது. மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை நியூ கினி, நியூ பிரிட்டன், போர்னியோ என்று கப்பலேற்றி வேலைக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் இறந்தவர்களும் உண்டு. 1943 ஜனவரி 26 அன்று புயோ மாரு என்ற கப்பலை, உள்ளே இந்தியக் கைதிகள் இருப்பது தெரியாமல் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. 190-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அதில் இறந்தார்கள். ஆக, சிங்கப்பூரில் பிடிபட்ட ஒருவர் நியூ கினியில் இறந்ததாகப் பதிவு இருந்தால், ஆள் மாறிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நேதாஜி படையில் சேர்ந்தவர்களுக்கு இரண்டு சிறைவாசம் உண்டு. 1942-இல் ஜப்பானியரிடம், 1945-இல் பர்மாவிலோ மலேயாவிலோ பிரிட்டிஷாரிடம். பிரிட்டிஷார் அவர்களை விசாரித்து வெள்ளை (விசுவாசமானவர்), சாம்பல் (இடைப்பட்டவர்), கறுப்பு (தீவிர எதிர்ப்பாளர்) என்று தரம் பிரித்தார்கள். சம்பள பாக்கியும் வேலையும் போனது அந்தத் தரத்தைப் பொறுத்தது. வீட்டில் சொல்லும் ஜெயில் கதை இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேட வேண்டிய இடம் அதற்கேற்ப மாறும். இந்திய தேசிய ராணுவம் பற்றிய கோப்புகள் டெல்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர் தியாகி பென்ஷனுக்கு விண்ணப்பித்திருந்தால், அந்த விண்ணப்பத்தில் தேதி, முகாம், அதிகாரி பெயர் எல்லாம் அவர் வாயாலேயே சொன்னபடி இருக்கும். என்னைக் கேட்டால் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக மதிப்புள்ள காகிதம் அதுதான். வாங்காத பென்ஷனுக்கும் விண்ணப்பம் இருந்திருக்கலாம், மறந்துவிடாதீர்கள்.

முகாம் பெயரிலும் ஒரு குழப்பம் வரும். எல்லாரும் சாங்கி என்கிறார்கள். இந்தியர்களைப் பெரும்பாலும் நீ சூன், பிடாடாரி, டையர்சால், செலேட்டர் போன்ற முகாம்களில்தான் வைத்தார்கள். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்திலுள்ள ஜப்பானியக் கைதி அட்டைகள் முதன்மையாக பிரிட்டிஷ் வீரர்களுக்கானவை. ஜெனீவா செஞ்சிலுவைச் சங்கம் இணையத்தில் திறந்து வைத்திருக்கும் கைதிப் பட்டியல் முதல் உலகப் போருக்கானது. இரண்டாம் போருக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்துப் போட்டும் அதை உறுதி செய்யவில்லை. அதனால் அங்கே போன விவரங்களும் குறைவு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பணியில் இருக்கும்போதோ பணியால் வந்த காயத்தாலோ நோயாலோ இறந்தவர்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை என்பது எல்லை. உயிரோடு ஊர் திரும்பி அதற்குப் பிறகும் வாழ்ந்த தாத்தாவை அங்கே தேடிப் பயனில்லை.

இறந்தவர் என்றால் கிராஞ்சியிலுள்ள சிங்கப்பூர் நினைவுச் சுவரின் பெயர்களைப் பாருங்கள். 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் அங்கே இருக்கின்றன. ராமசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் போட்டுத் தேடுங்கள். இன்ஷியலை விட்டுவிடுங்கள், சாதிப் பெயரைச் சேர்த்தும் நீக்கியும் பாருங்கள். ஊரையும் பழைய பெயரில் தேட வேண்டும். திருவண்ணாமலைக்காரர் வட ஆற்காடு மாவட்டத்தின் கீழ் இருப்பார், விழுப்புரத்துக்காரர் தென் ஆற்காட்டின் கீழ். அப்புறம், காணாமல் போனவர்களுக்குப் போட்டிருக்கும் இறந்த தேதி பின்னாளில் அதிகாரிகள் முடிவு செய்ததாக இருக்கலாம். அதை அப்படியே திதி நாளாக எடுத்துக்கொள்வதற்கு முன் ரெக்கார்ட் ஆபிஸில் கேட்டுவிடுவது நல்லது.

சிறையில் இறந்தார் என்பதற்குக் கடிதமோ ராணுவத் தந்தியோ உங்களிடம் இருந்து, ஆணையத்தின் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், அதன் நகலோடு ஆணையத்துக்கு எழுதுங்கள். ஆதாரம் சரியாக இருந்தால் விடுபட்ட பெயரைச் சேர்க்கவும் பிழையான எழுத்தைத் திருத்தவும் அவர்கள் இன்றும் விண்ணப்பம் வாங்குகிறார்கள்.