பாதி பேரிங் இன்னும் ஓடுகிறதா? கணக்கு சறுக்கும் இடங்கள்

செம்பனை ஆலையின் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டினாலே விஷயம் தெரிந்துவிடும். பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஸ்குரூ பிரஸ் பேரிங்குகளில் சில மாட்டிய சூட்டிலேயே போயிருக்கும், சில நிதானமாகத் தேய்ந்து போயிருக்கும், மிச்சமெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். முதல் இரண்டு கூட்டத்துக்கும் ஆளுக்கொரு வைபுல் பரவல் (ஆயுள் கணக்குக்கு வழக்கமாகப் போடும் வளைவு) கொடுத்துக் கலந்தால் அது கலவைப் பரவல், ஓடிக்கொண்டிருப்பவை சென்சார் ஆன தரவு, அதாவது இத்தனை மணி தாங்கியது என்று மட்டும் தெரியும், எப்போது போகும் என்று தெரியாது. ஜொகூரில் குளுவாங் பக்கத்து ஆலைகளில் இருக்கும் நம் பிள்ளைகளும் இதைப் பேய்சியன் முறையில் (முன் ஊகத்தைத் தரவால் திருத்தும் முறை) போடலாம், தாராளமாக. ஆனால் பார்த்துப் போட வேண்டும்.

ஓடும் பேரிங்கைக் கணக்கிலிருந்து தூக்கக்கூடாது, இது எல்லாருக்கும் தெரியும். அடுத்த தப்புதான் கண்ணில் படாது: பழுதுப் பட்டியலை மட்டும் பார்த்து ‘பாதி மட்டச் சரக்கு’ என்று விகிதத்தை முடிவு செய்வது. மட்டமானது முதலில் போகும், அதனால் பட்டியலில் அதுதான் கூட்டமாகத் தெரியும். சும்மா ஒரு கணக்கு: மட்டச் சரக்கு 20 சதவீதம், அது 3,000 மணி நேரம் தாண்ட வாய்ப்பு 0.1, நல்லது தாண்ட 0.9 என்று வைத்துக்கொள்வோம். 3,000 மணியிலும் ஓடும் ஒரு பேரிங் மட்டச் சரக்காக இருக்கும் வாய்ப்பு, 0.02-ஐ 0.74-ஆல் வகுத்தால், 3 சதவீதம்கூட இல்லை. ஆனால் நேற்று மாட்டியது இன்னும் எதையுமே சொல்லவில்லை, அதையும் நல்ல கூட்டத்தில் தள்ளிவிடாதீர்கள். ஓடும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டத்தின் தாக்குப்பிடிக்கும் வாய்ப்பையும் விகிதப்படி கூட்டித்தான் போட வேண்டும்.

அப்புறம், மணி. பழம் குவியும் மாதங்களில் ஆலை கூடுதல் நேரம் ஓடும், தீபாவளிக்கு நிற்கும். நாட்காட்டியை எண்ணாமல் ஓடிய மணியை எண்ணுங்கள். வாராந்தரச் சோதனையில்தான் பழுது தெரிந்தது என்றால், அது இரண்டு சோதனைக்கு நடுவே எப்போதோ நடந்தது, அப்படியே இடைவெளியாகப் போடுங்கள். சத்தம் வருகிறதென்று ஃபிட்டர் கழற்றிப் போட்டதைச் சாதாரண சென்சாரிங் என்று எழுதுவதுதான் ரொம்ப மோசம்: சாகப்போவதையே பார்த்துக் கழற்றினால் மிச்ச ஆயுள் கூடுதலாகத் தெரியும். என்னைக் கேட்டால் அதைப் பழுது என்றே எழுதுவேன்.

‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று முடிவில்லாமல் பரந்த தட்டையான ப்ரையர் (தரவைப் பார்க்கும் முன் வைக்கும் ஊகம்) கொடுப்பது அடக்கம்போலத் தெரியும், ஆனால் கலவையில் ஒரு கூட்டத்துக்குத் தரவே விழாமல் போக வாய்ப்பு உண்டு, அப்போது பின்பரவலே (தரவைப் பார்த்தபின் வரும் விடை) அமையாது. ஃபோர்மேனிடம் கேளுங்கள், தேய்மானம் எத்தனை மணிக்கு மேல் என்று அவருக்குத் தெரியும்.

கணினியில் இரண்டு செயின் (ஒரே கணக்கின் தனித்தனி ஓட்டம்) ஓட்டினால் ஒன்றில் ‘கூட்டம் 1’ மட்டம், இன்னொன்றில் நல்லது, இப்படிப் பெயர் மாறும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் குப்பைதான். குறைந்த ஆயுள்தான் எப்போதும் ‘கூட்டம் 1’ என்று ஆயுள் அளவை வரிசைப்படுத்திக் கட்டுங்கள். மொத்த ஆயுள் வளைவு மட்டும் போதுமென்றால் இந்தத் தலைவலியே இல்லை.

பழுது வீதம் குறைந்துகொண்டே போனால் உடனே தயாரிப்புக் குறை என்று சப்ளையரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். போயிங் 720 விமானங்களின் குளிர்சாதனப் பழுதுகளை 1963-இல் ஆராய்ந்த பிராங்க் புரோஷன் காட்டியது இதைத்தான்: விமானத்துக்கு விமானம் மாறும், ஆனால் காலத்தால் மாறாத வீதங்களை ஒன்றாகக் கொட்டினாலே மொத்த வீதம் குறைவதுபோல வரும்.

பழுது நாலைந்துதான் என்றால், மட்டச் சரக்கு விகிதத்தின் ப்ரையரையும் பின்பரவலையும் ஒரே படத்தில் வரையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தால் தரவு எதுவும் சொல்லவில்லை என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு, ஒற்றை வைபுலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.