மிக்ஸி நின்றுபோனால் முதலில் ஜாரைப் பாருங்கள்

மிக்ஸி ஓடவில்லை என்றதும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "மோட்டார் போயிருச்சு". பெரும்பாலும் போயிருப்பது மோட்டார் இல்லை. கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் கோக்கும் பல் வைத்த துண்டு; மோட்டார் மேல் ஒன்று, ஜார் அடியில் ஒன்று), புஷ் (ஜாரின் அடியில் பிளேடின் தண்டான ஷாஃப்ட் சுற்றும் குழல்), ஜார் வாஷர் (கசிவைத் தடுக்கும் வளையம்), கார்பன் (மோட்டாருக்குள் கரன்ட் கொடுக்கும் கரித்துண்டு) என்ற நான்கு சின்ன சாமான்களில் ஒன்று தேய்ந்திருக்கும். மோட்டார் உண்மையிலேயே கருகியிருந்தாலும், அதைக் கருக வைத்தது பல நேரம் மேலே உட்கார்ந்திருக்கும் ஜார்தான். புஷ் இறுகிப்போன ஜாரை மாதக்கணக்கில் இழுத்துச் சுற்றிய மோட்டார் எவ்வளவு நாள் தாங்கும்? அதனால் பழுது பார்ப்பதையும் ஜாரிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம்

ஜாரை எடுத்துவிட்டு, வெறும் மிக்ஸியை 1-ல் வைத்து இரண்டு மூன்று நொடி ஓடவிடுங்கள். (ஜார் பூட்டினால்தான் ஓடும் மாடல் என்றால், காலி ஜாரை மாட்டிப் பாருங்கள்.) சீராக ஓடினால் மோட்டாரில் குறையில்லை, கோளாறு ஜாரிலோ கப்ளரிலோ இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி, மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் சின்ன பொத்தானைத் தேடுங்கள். பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அதுதான் ஓவர்லோட் சுவிட்ச். மோட்டார் அளவுக்கு மீறிக் கரன்ட் இழுத்தால் அது தட்டிவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள். 'டக்' என்று உட்கார்ந்தால் மிக்ஸி திரும்ப ஓடும்.

ஒருமுறை தட்டினால் கவலையில்லை. வாரத்துக்கு இரண்டு முறை தட்டினால் எங்கோ இறுக்கம் இருக்கிறது. அப்போது சிலர் சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி 'டைரக்ட்' கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்த முறை பிளேடு சிக்கும்போது தட்டிவிட ஆள் இருக்காது, மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்றுதான் (காயில்) எரியும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொன்றும் பார்த்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மிக்ஸியின் திருகை 3-ல் வைத்து, பிளக்கில் கரன்ட் போகும் இரண்டு பின்களுக்கு நடுவே (மூன்று பின் பிளக் என்றால் சிறிய இரண்டு, பெரியது எர்த்) ஓம் பாருங்கள். 100-க்குக் கீழே ஏதாவது ஓர் எண் காட்டினால் மின்பாதை முழுசாக இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயர், சுவிட்ச், ஓவர்லோட், கார்பன் இவற்றில் ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. 3-ல் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சில மாடல்களில் குறைந்த வேகத்துக்கு டையோடு (கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சாமான்) போட்டிருப்பார்கள், அது மீட்டரை ஏமாற்றும். அடுத்து, அந்த இரண்டில் ஒரு பின்னுக்கும் மேலே தெரியும் மோட்டார் ஷாஃப்டுக்கும் நடுவே பாருங்கள். இங்கே எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் கரன்ட் கசிகிறது, அந்த மிக்ஸியை அதற்கு மேல் பிளக்கில் சொருகவே வேண்டாம்.

கப்ளர்

மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை, 'கரகர' என்று சத்தம், மிக்ஸியின் தலையைச் சுற்றிக் கறுப்புத் தூள். இத்தனையும் சேர்ந்தால் கப்ளர் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கப்ளரை மெத்தென்ற பொருளில் செய்திருப்பது கஞ்சத்தனம் இல்லை. பிளேடு சிக்கினால் மோட்டாருக்குப் பதில் இது கிழிய வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பசை போட்டு ஒட்டினால் ஒரு சட்னிக்குக் கூட நிற்காது.

கழற்றுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான மாடல்களில் கப்ளர் ஷாஃப்டின் மரையில் ஏறியிருக்கும். எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கு ஒரே விதி: ஓடும்போது தானாக இறுகும்படிதான் மரை வெட்டியிருப்பார்கள். ஆகவே பிளேடு எந்தத் திசையில் சுற்றுமோ, மோட்டார் கப்ளரையும் அதே திசையில் திருப்பினால் கழலும். பிளேடின் கூரான ஓரம் எந்தப் பக்கம் முன்னால் போகும்படி இருக்கிறதோ அதுதான் சுற்றும் திசை. ஷாஃப்ட் கூடவே சுற்றாமல் இருக்க, மிக்ஸியின் அடிமூடியைக் கழற்றி ஷாஃப்டின் கீழ்நுனியைப் பிடிக்க வேண்டும். பல மாடல்களில் அங்கே ஸ்க்ரூ டிரைவர் உட்காரும் ஒரு வெட்டு இருக்கும்.

ஜாரின் அடிக் கப்ளருக்கு விதி நேர் எதிர். அது மோட்டாரிலிருந்து திருகலை வாங்கி மேலே கொடுப்பதால், பிளேடைத் துணியால் பிடித்துக்கொண்டு, பிளேடு சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். ஜாரைக் கவிழ்த்ததும் இடம் வலம் மாறித் தெரியும், அதையும் கணக்கில் வையுங்கள். கடைக்குப் போகும்போது பழைய கப்ளரைக் கையோடு எடுத்துப் போங்கள். மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் பல் எண்ணிக்கையோ மரையோ பொருந்தாமல் திரும்ப நடக்க வேண்டிவரும்.

புஷ்: உண்மையான குற்றவாளி

ஜாரைக் கவிழ்த்து அடிக் கப்ளரை ஒரு விரலால் சுண்டுங்கள். இரண்டு மூன்று சுற்று தானாக ஓட வேண்டும். கையால் வலிந்து திருப்ப வேண்டியிருந்தால் புஷ் இறுகிவிட்டது. இனி ஜாரை நிமிர்த்தி, பிளேடின் நடு நட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'லொடலொட' என்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. இறுகியதைச் சரிசெய்யலாம். தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும்.

இறுகுவது ஏன்? புஷ்ஷுக்குள் ஷாஃப்ட் ஓட மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். ராத்திரி அரைத்த ஜாரில் தண்ணீர் ஊற்றி சிங்க்கில் ஊறப் போட்டுவிட்டுப் படுத்தால், அந்தத் தண்ணீர் எண்ணெயை அலசிவிட்டு உள்ளே போகும், கூடவே உப்பும் புளியும். மாவும் தேங்காய்த் துருவலும் காய்ந்து பசையாக ஒட்டும். தினமும் ஒரு மணி நேரம் ஊறினால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். அரைத்ததும் அரை ஜார் தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் விட்டுப் பத்து நொடி ஓட்டி, அலசிக் கவிழ்த்து வைப்பதுதான் சரி.

இறுகியதற்கு வைத்தியம்: ஜாரில் இரண்டு அங்குலம் சுடுதண்ணீர் ஊற்றி அரை மணி வையுங்கள். கொட்டிவிட்டு, கப்ளரை இரண்டு பக்கமும் கையால் திருப்பித் திருப்பி இளக்குங்கள். நன்றாகக் காய்ந்தபின் கவிழ்த்து, கப்ளருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஷாஃப்ட் தெரியும் இடத்தில் சமையல் எண்ணெய் மூன்று சொட்டு. இரவு முழுக்கக் கவிழ்த்தே இருக்கட்டும். தையல் மிஷின் எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். அது கடைசியில் சட்னிக்குத்தான் வந்து சேரும்.

புஷ் தேய்ந்தால் அடியில் கசியும். முதல் அடையாளம், ஜார் வைக்கும் குழியில் கறுப்பாக ஒரு ஈரம். அதைத் துடைத்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் மோட்டாருக்கு எமன். அந்தக் குழியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மாவு காய்ந்து அது அடைத்துக்கொண்டால், கசிவு வெளியே வடியாமல் ஷாஃப்ட் வழியாக மோட்டார் பேரிங்குக்கு இறங்கும். மாதம் ஒருமுறை ஓர் ஈர்க்குச்சியை விட்டு அந்த ஓட்டையைக் குத்திவிடுங்கள்.

மாற்றும்போது புஷ், ஷாஃப்ட், வாஷர் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த ஷாஃப்டில் புது புஷ் போட்டால் இரண்டே மாதத்தில் பழைய கதை. பிளேடைப் பிடித்திருக்கும் நட்டு, மோட்டார் கப்ளரைப் போலவே, பிளேடு சுற்றும் திசையில் கழலும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். ஒரு வாஷர் விட்டுப்போனால் பிளேடு அடியில் உரசும், அல்லது கப்ளர் பல் பாதிதான் கவ்வும். புஷ் நட்டால் முடுக்கியதாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். அடித்து இறக்கிய வகையானால் கடையில் கொடுப்பதே நல்லது, அடிபட்டு ஜாரின் அடி நெளிந்தால் பிறகு எந்த வாஷரும் கசிவை நிறுத்தாது.

கார்பன்

மோட்டார் விட்டு விட்டு ஓடுகிறது, தட்டினால் ஓடுகிறது, காற்றுத் துளை வழியே பார்த்தால் பெரிய தீப்பொறி: கார்பனைப் பாருங்கள். ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) செம்புப் பட்டைகளை இரண்டு பக்கமும் ஸ்ப்ரிங்கின் அழுத்தத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் கரித்துண்டுகள் அவை. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது கூட்டுக்குள் தாராளமாக வழுக்கிப் போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. செம்புப் பட்டை கறுத்திருந்தால் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூளை ஊதிவிடுங்கள். எமரித் தாள் கூடாது, அதன் துகள் பட்டைகளுக்கு நடுவே சிக்கி மின்சாரத்தைக் கடத்தும். மாற்றியபின் ஜார் இல்லாமல் 1-ல் ஒரு நிமிடம், இடைவெளி விட்டு இன்னொரு நிமிடம் ஓட்டினால் கரி வளைந்து பட்டையோடு படிந்துவிடும். சின்ன நீலப் பொறி இயல்பு. ஆர்மேச்சரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் ஆர்மேச்சரே போய்விட்டது, அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

கல் உப்பு பிளேடைக் கூராக்குமா?

ஆக்காது. இரும்பைத் தேய்க்க இரும்பைவிடக் கடினமான பொருள் வேண்டும். உப்பின் கடினம் மோஸ் அளவில் 2.5, பிளேடு எஃகு அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். உப்பு ஓடியபின் நன்றாக அரைபடுவதாகத் தோன்றுவது, பிளேடில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு போனதால். உண்மையாகவே மழுங்கியிருந்தால் பிளேடைக் கழற்றி, சாய்வு இருக்கும் பக்கத்தை மட்டும் சாணைக்கல்லில் பத்துப் பதினைந்து தடவை ஒரே கோணத்தில் இழுங்கள். எல்லா இறக்கைக்கும் ஒரே எண்ணிக்கை. ஒன்றில் கூடினால் சமநிலை கெட்டு ஜார் அதிரும், அந்த அதிர்வே புஷ்ஷைத் தின்னும்.

மோட்டாரைக் காப்பாற்றும் அரைப்பு

கெட்டியான சட்னியில் பிளேடைச் சுற்றிக் காற்றுக்குழி விழுந்து, பிளேடு வெறுமனே சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. நிறுத்தி, கரண்டியால் வழித்துவிட்டு, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, விப்பரில் (பிடித்திருக்கும் வரை மட்டும் ஓடும் நிலை) இரண்டு மூன்று தட்டுத் தட்டுங்கள். ஒரு கப் தேங்காய்த் துருவலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை என்றால், முதலில் பொட்டுக்கடலையும் மிளகாயும் உலர்வாக, பிறகு தேங்காய், கடைசியில் கால் கப் தண்ணீர். இதைப் பெரிய ஜாரில் போட்டால் பிளேடுக்கு எட்டாது, சின்ன ஜாரே சரி. வறுத்த மசாலாவை முழுதாக ஆறவிட்டுப் போடுங்கள். சூட்டோடு போட்டால் ஆவி மூடியைத் தள்ளும், பொடியும் கட்டிதட்டும். விரலி மஞ்சளை உரலில் உடைத்த பிறகே ஜாரில் போட வேண்டும்.

மிக்ஸியில் இட்லி மாவு அரைத்தால் பொங்குவதில்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 500 வாட் மோட்டாரின் சக்தியில் பாதி மாவுக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோ மாவு நிமிடத்துக்கு எட்டு ஒன்பது டிகிரி சூடேறும். 30 டிகிரியில் இருந்த மாவு மூன்று நிமிட ஓட்டத்தில் 55-ஐ நெருங்கிவிடும். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் வருபவை, அந்தச் சூட்டில் அவை பிழைப்பது கடினம்.

ஆகவே 4 கப் இட்லி அரிசியும் தனியாக 1 கப் உருட்டு உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயமும் எடுத்து, அரிசியை 4 மணி நேரமும் உளுந்தை 1 மணி நேரமும் ஊறவையுங்கள். உளுந்தை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஊற வைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே விட்டு அரையுங்கள். 1 கப் உளுந்துக்கு மொத்தம் ஒன்றேகால் கப் தண்ணீர் போகும், ஆனால் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். 30 நொடி ஓட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, இரண்டு கரண்டி தண்ணீர் என்று போக வேண்டும். மாவை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசியை மூன்று ஈடாக, ஜாரில் பாதிக்கு மேல் போகாமல், நைஸ் ரவை பதத்தில். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவே ஜாரின் அடியில் கையை வையுங்கள். உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தால் இரண்டு ஐஸ் கட்டி போட்டு, அந்த அளவு தண்ணீரைக் குறையுங்கள்.

பழுது பார்த்த ஜாரை இதற்கெல்லாம் எடுப்பதற்கு முன் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, பழைய செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் வையுங்கள். தாள் நனையாவிட்டால் மிக்ஸியில் மாட்டி 1-ல் பத்து நொடி, 3-ல் பத்து நொடி ஓட்டி, திரும்பவும் தாளில் வையுங்கள். நின்ற ஜாரில் கசியாமல், ஓடிய ஜாரில் கசிந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை, மறுபடி கழற்றுங்கள்.