‘அழகியும் மிருகமும்’ கதையை யாழ்ப்பாணக் காதல் நாவலாக எழுதுவது எப்படி?

பழைய தேவதைக் கதை ஒன்றை எடுத்து இன்றைய காதல் நாவலாக எழுத விரும்புகிறவர்கள் அநேகமாக சின்ட்ரெல்லாவில்தான் கை வைக்கிறார்கள். நான் சொல்வது ‘அழகியும் மிருகமும்’. சின்ட்ரெல்லாவும் இளவரசனும் பேசிக்கொள்ள நேரமே இல்லை. ஆட்டம், ஓட்டம், செருப்பு, கல்யாணம். மற்றக் கதையில் இரண்டு பேர் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒவ்வொரு இரவும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். காதல் வளர அந்த நேரம் வேண்டும். நெடுந்தீவை வைத்து நான் எழுதிய நாவலின் வரைவு முடிந்த கையோடு, வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மூலத்தை வாசியுங்கள்

படத்தைப் பார்த்தது போதாது. வில்நெவ் அம்மையார் 1740இல் பிரெஞ்சில் எழுதியது நீளமானது. போமோன் அம்மையார் 1756இல் அதைச் சுருக்கினார். ஆரம்பிப்பவர்களுக்குச் சுருக்கமே போதும், எலும்பு அதில் தெளிவாகத் தெரியும். இரண்டுக்கும் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, ஆகவே பயமில்லாமல் எடுக்கலாம். ஆனால் பேசும் கேத்தலும் கோப்பையும் 1991இல் வந்த டிஸ்னி படத்துக்குச் சொந்தமானவை. அவற்றைத் தொடாதீர்கள்.

படி 2: கொப்பியில் இரண்டு பக்கம்

இதைக் கணினியில் செய்யவேண்டாம். தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி எடுங்கள். இடப்பக்கம் மூலக்கதையில் நடப்பது, வலப்பக்கம் அந்தச் சம்பவம் கதைக்குச் செய்யும் வேலை. ‘ரோசாவை எதாக மாற்றலாம்’ என்று யோசிக்கமுன், ரோசா என்ன வேலை செய்கிறது என்று எழுதுங்கள்.

அக்காமார் தகப்பனிடம் விலையுயர்ந்த உடுப்புக் கேட்கிறார்கள். கடைசி மகள் ஒரு ரோசாப்பூ மட்டும் கேட்கிறாள். அதை மிருகத்தின் தோட்டத்தில் பறிக்கப்போய்த் தகப்பன் அகப்படுகிறார், அந்தச் சின்ன ஆசைதான் அவரை மாட்டிவிடுகிறது. ஆகவே வலப்பக்கத்தில் வரவேண்டியது: ‘அவள் கேட்ட மிகச் சிறிய பொருள், இன்னொருவருக்கு மிகப் பெரிய பொருள்.’

இதை எழுதியபின் வழி தானாக வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் மகள், நெடுந்தீவு வீட்டை விற்கமுடியுமா என்று பார்க்கப் போகும் தகப்பனிடம், அம்மம்மா நட்ட அடுக்குமல்லிகையில் ஒரு தடி முறித்துவரச் சொல்கிறாள். விடியப்புறம் முருகைக்கல் மதிலுக்கு மேலால் கையை விட்டு அவர் முறிக்கிறார். நல்ல தண்ணீர் அருமையான தீவு அது. வாளி வாளியாகத் தூக்கி ஊற்றி அந்தச் செடியைக் காப்பாற்றி வைத்திருக்கிறவன் விறாந்தையில் நின்று பார்க்கிறான். அவன் கோபத்துக்கு மந்திரமே வேண்டாம்.

படி 3: அவள் ஏன் அங்கே நிற்கிறாள்?

நான் நெடுநாள் நின்ற இடம் இது. மூலத்தில் தகப்பனின் உயிருக்கு ஈடாக மகள் போகிறாள். இன்றைய கதையில் அப்படி வைத்தால் அது ஆட்கடத்தல். எத்தனை அத்தியாயம் அன்பாகப் பேசினாலும் வாசிக்கிற பெண்ணின் மனதில் அந்த அச்சம் போகாது.

கடனை வைத்துப் பார்த்தேன். அவள் அடகுப் பொருளாகிவிடுகிறாள். மூலத்தில் இளவரசனை மிருகமாக்கிய சாபத்துக்குப் பதில் செவ்வாய் தோஷம் என்று பலர் எழுதுகிறார்கள். அது கல்யாணத்தைத் தடுக்கும், ஒருத்தியை ஒரு வீட்டில் இருத்தாது. நாயகனுக்குப் போரில் முகம் சிதைந்தது என்று வைக்கவே வேண்டாம். அந்தக் காயங்களோடு வாழும் மனிதர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் காதலால் குணமாகும் அசிங்கமாக அதைக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ‘விசரன், ஒருவரையும் அண்டவிடமாட்டான்’ என்று ஊர் சொல்லும் பெயரே மிருக முகத்தின் வேலையைச் செய்யும்.

விடை காணி உறுதியில் கிடைத்தது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமை இன்றும் நம் காணிகளை ஆள்கிறது. பிரிக்காத காணியில் ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் மற்றப் பங்காளிக்கு அறிவிக்கவேண்டும். வாங்கும் முன்னுரிமை அவருக்கு. தாயின் சீதனப் பங்கு இப்போது மகள் பெயரில். மற்றப் பங்கு அவனுடையது. அவனுக்கு விற்க மனமில்லை, அவள் பங்கை வாங்கக் காசுமில்லை.

இப்போது பாருங்கள், மிருகத்தின் கோட்டையில் பாதி அவளுடையது. அவள் கைதி இல்லை, தன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் படகில் எந்தக் காலையும் ஏறலாம். ஏறாமல் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவளுடைய முடிவு. காதல் நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒரு ஆச்சியையும் அந்த வீட்டில் வைத்துவிடுங்கள். கல்யாணமாகாத இருவர் தனியே இருந்தால் ஊர் பேசுவதிலேயே பத்து அத்தியாயம் போய்விடும்.

படி 4: ஒவ்வொரு இரவும் ஒரே கேள்வி

போமோன் கதையில் மிருகம் ஒவ்வொரு இரவும் ‘என்னைக் கல்யாணம் செய்வாயா’ என்று கேட்கிறது. அவள் மறுக்கிறாள். அது பெருமூச்சு விட்டுப் போய்விடுகிறது. கத்துவதில்லை, வற்புறுத்துவதில்லை. மறுப்பை ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவன் என்பதால்தான் அவன் நாயகன். இதை விட்டுவிட்டு, நாயகன் என்றால் முரடன் என்று எழுதுகிறவர்கள் மூலத்தின் நெஞ்சையே விட்டுவிடுகிறார்கள்.

என் கதையில் கேள்வி, ‘நாளைக்குப் படகுக்குச் சொல்லட்டுமா?’ என்பது. இடியப்பமும் சொதியும் வைத்தபடி அவன் கேட்கிறான். முதலில் அவள் ‘சொல்லுங்கோ’ என்கிறாள். பிறகு ‘நாளைக்கு வேண்டாம்.’ பிறகு பதிலே சொல்லாமல் இன்னொரு இடியப்பம் எடுக்கிறாள். கேள்வி ஒரு சொல்லும் மாறக்கூடாது, பதில்தான் மாறவேண்டும். அவன் எப்போது ‘நீங்கள்’ விட்டு நெருக்கமாக ‘நீர்’ என்று கூப்பிடுகிறான் என்பதையும் முன்னரே குறித்துவையுங்கள். தவறுதலாக மூன்றாம் அத்தியாயத்தில் வந்துவிட்டால் அவ்வளவு காத்திருப்பும் வீண்.

படி 5: பிரிவும் தாமதமும்

மூலத்தில் அவள் ஒரு கிழமையில் வருவதாகச் சொல்லித் தகப்பன் வீட்டுக்குப் போகிறாள். அக்காமார் தலைமயிரைப் பிய்த்துப் பொய்யாக அழுது மறிக்கிறார்கள். நமக்கு நல்லூர்த் திருவிழா இருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து அக்காமார் வந்திருப்பார்கள். ‘தேர் பார்த்திட்டுப் போ’, ‘தீர்த்தம் முடியட்டும்’, ‘பூங்காவனமும் நிண்டு பாரன்’. மறிப்பதற்கு நல்லூர் நாட்காட்டியே போதும்.

மூலத்தில் மிருகம் பட்டினி கிடந்து சாகப்போகிறது. அதை வைக்காதீர்கள். ‘நீ வராவிட்டால் செத்துவிடுவேன்’ என்பது வற்புறுத்தல்தான். என் நாயகன் விற்பனைக்குச் சம்மதித்துத் தன் பங்கையும் சேர்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு, இறங்குதுறைக்குப் பெட்டியோடு வருகிறான். அவள் ஏறிவரும் படகில்தான் அவன் திரும்பிப் போகவேண்டும்.

படி 6: தட்டச்சு

யுனிகோட்டில் அடியுங்கள், பாமினி என்கிற பழைய எழுத்துருவில் வேண்டாம். கூகுள் டொக்ஸ் போதும். கைபேசியிலும் திறக்கும், கரண்ட் போனாலும் எழுதியது போகாது. அச்சகத்தில் பாமினி கேட்டால் கடைசியில் மாற்றிக் கொடுக்கலாம். பாமினி ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்திருப்பதால், இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது புரியாத எழுத்துக் குவியலாகிவிடும். மாற்றியபின் ஒருமுறை முழுதாக வாசியுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

‘கைபேசி இருக்கிறதே, பிரிந்த நாட்களில் ஏன் எடுக்கவில்லை?’ நல்ல கேள்வி. சிக்னல் இல்லை என்று தப்பவேண்டாம். கைபேசி வேலை செய்யட்டும். அவளை நெருக்கக்கூடாது என்று அவன் எடுக்கவில்லை. எடுத்தால் எப்போது வருகிறாய் என்பதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று அவள் எடுக்கவில்லை. பெயரைத் திரையில் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைக்கும் காட்சி ஒன்று போதும்.

இன்னொன்று முக்கியமானது. படி 3ஐப் பின்பற்றிய ஒருவர், சீதன வீடு பெண்வழி போகும் என்பதால் பங்காளிகளை அக்கா தங்கையாக வைத்து, அவர்களின் பிள்ளைகளைக் காதலிக்க விட்டிருக்கிறார். பெரியம்மா மகன் அண்ணன் முறை, அங்கே காதல் கிடையாது! பங்காளிகள் அண்ணனும் தங்கையுமாக இருக்கட்டும். தங்கை தன் பங்கைச் சீதனமாகப் பெற்றவள், அண்ணன் மற்றப் பங்கை முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர். அப்போது அண்ணன் மகனான நாயகன், தங்கை மகளான நாயகிக்கு மாமா மகன், மச்சான் முறை. எழுத உட்கார முன் கொப்பியின் முதல் பக்கத்தில் வம்ச வரிசையைக் கீறி, வீட்டில் வயதான ஒருவரிடம் காட்டி உறவுமுறையைச் சரிபாருங்கள்.